மொபெட்டில் பிறந்தது... பாலைவனத்தில் ஜெயித்தது!

சோழவரத்தில் தொடங்கிய டி.வி.எஸ். பந்தயக் குழுவின் கதை

பட்டாபிராம்வாசிகளுக்கு ஒரு சங்கதி தெரியுமோ, தெரியாதோ! மோட்டார் பந்தயத்தைப் பொறுத்தவரை நம்ம ஊர் நட்டநடுவில் இருக்கிறது.

ஆவடி போய் செங்குன்றம் பக்கம் திரும்பினால் சோழவரம். பூந்தமல்லி போய் பெங்களூர் ரோட்டைப் பிடித்தால் இருங்காட்டுக்கோட்டை. முதல் ஊர், ஒரு காலத்தில் இந்தியா முழுவதிலும் இருந்து பந்தயக்காரர்கள் வந்து குவிந்த இடம். இரண்டாவது ஊரில் 1990-ல் இருந்து பந்தயம் நடந்து வருகிறது.

இந்த இரண்டு இடங்களிலும் விழுந்து, எழுந்து, ஜெயித்து வளர்ந்த குழு ஒன்று உண்டு. அதுவும் நமக்கு அந்நியம் இல்லை. காலை ரெயிலில் கொரட்டூரில் இறங்கி, பாடிக்கு ஷிப்டுக்கு ஓடுகிறவர்களைக் கேளுங்கள். பிரேக் செய்யும் சுந்தரம்-கிளேட்டன், டைனமோ செய்யும் லூகாஸ்-டி.வி.எஸ். என்று 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வரிசையாக எழும்பின அல்லவா தொழிற்சாலைகள்? அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் இந்தக் குழு.

பெயர்: டி.வி.எஸ். ரேசிங். வயது: 40-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்சாலையே சொந்தமாக நடத்தும் பந்தயக் குழு என்று இந்தியாவில் முதன்முதலில் தொடங்கப்பட்டது இதுதான். ஆண்டு 1982.

சரி, எந்த வண்டியை வைத்துத் தொடங்கினார்கள்? அங்கேதான் வேடிக்கை!

விமானம் இறங்கிய இடம்

முதலில் சோழவரத்தைப் பார்த்துவிடுவோம்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட ஓடுபாதை அது. இங்கிலீஷ் 'டி' எழுத்து மாதிரி இருக்கும். சண்டை முடிந்தது. விமானம் போயிற்று. பாதை மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது.

1953-ல் சென்னையில் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. சோழவரத்து ஓடுபாதை அவர்கள் கைக்கு வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? கல்கத்தாவில் இருந்தும் பம்பாயில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். பந்தய நாளில் செங்குன்றம் ரோடே திருவிழாக் கோலம்தான். சைக்கிளில் டபுள்ஸ் போனவர்கள், லாரியில் தொற்றிக்கொண்டு போனவர்கள் எல்லாம் இன்றைக்குத் தாத்தாக்கள். கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

அங்கே இரண்டு உலகம் இருந்தது. ஒன்று கார். அது காசுள்ளவர் சமாசாரம். சாராயத் தொழிலதிபர் விஜய் மல்லையா 1980-களில் வெளிநாட்டு 'பார்முலா ஒன்' காரையே கொண்டுவந்து ஓட்டினார். கோவை மில் குடும்பத்தைச் சேர்ந்த கரிவர்தன் சொந்தமாகவே பந்தயக் கார் செய்து பார்த்தார்.

இன்னொன்று மோட்டார் சைக்கிள். அது மெக்கானிக் சமாசாரம். பகலெல்லாம் மற்றவர் வண்டியை ரிப்பேர் பார்ப்பது, ராத்திரியில் சொந்த வண்டியைக் குடைவது, பந்தயத்தன்று அதே வண்டியை ஓட்டிக்கொண்டே போய் ஓட்டிக்கொண்டே திரும்புவது. திரும்பி வர வண்டி பாக்கி இருந்தால்!

இந்த இரண்டாவது உலகத்துக்குள் ஒரு கம்பெனி கால் வைத்தது. கையில் இருந்தது என்ன? ஒரு மொபெட்!

"டி.வி.எஸ். பிப்டியா? ரேசா?"

1980-ல் ஓசூரில் இருந்து வந்த வண்டி டி.வி.எஸ். 50. இந்தியாவில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வந்த முதல் மொபெட் அதுதான். அதுவரை மொபெட் என்றால் ஒருத்தர் வண்டி. பின்னால் கேரியர்தான். டி.வி.எஸ். 50 வந்த பிறகு குமாஸ்தா தன் சம்சாரத்தைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சினிமாவுக்குப் போனார். பால்காரர் கேனை மாட்டினார். மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையை முன்னால் போட்டுக்கொண்டார்.

இந்த வண்டிதான் சோழவரத்தில் பந்தயத்துக்கு இறங்கியது.

சிரிக்கத் தோன்றும். 50 சி.சி. என்ஜின். கியர் கிடையாது. முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். ஆனால், பந்தயம் ஓட்டியவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். கியர் இருக்கிற வண்டியில் வளைவில் வேகம் போய்விட்டால் கியரைக் குறைத்து மறுபடி பிடித்துக்கொள்ளலாம். மொபெட்டில் அந்தப் பாச்சா பலிக்காது. வளைவில் ஒரு தடவை வேகத்தை விட்டுவிட்டால், அதைத் திரும்பப் பிடிப்பதற்குள் நாலு பேர் தாண்டிப் போய்விடுவார்கள். ஆகவே பிரேக்கைத் தொடாமல் வளைய வேண்டும். எதிரே போகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்காமல் ஒளிந்துபோய், கடைசி நேரத்தில் வெளியே வந்து தாண்ட வேண்டும். சின்ன வண்டியில் கற்றுக்கொண்ட வித்தை பெரிய வண்டிக்கும் உதவும்.

மெக்கானிக்குக்கும் அதே பாடம்தான். பெரிய என்ஜினில் தப்புப் பண்ணினாலும் வண்டி ஓடும். 50 சி.சி.யில் சைலன்சரின் வயிறு கொஞ்சம் மாறினாலும் வேகம் மாறும். போர்ட்டை ஒரு நூல் அதிகம் அராவினால் அடியில் இழுவை போய்விடும். பின்சக்கரத்து ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூடக்குறைய இருந்தால் நேர்ப்பாதையில் தெரிந்துவிடும். அரைக் குதிரைச் சக்திக்காக ஒரு வாரம் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்.

பந்தயத்தில் ஓடும் வண்டி எங்கே உடைகிறது என்று பார்த்தால், தெருவில் ஓடும் வண்டி நாளை எங்கே உடையும் என்று தெரிந்துவிடும். கம்பெனி கணக்குப் போட்டது இதைத்தான். விளம்பரம் அப்புறம். அதிலும் தப்பில்லை, வியாபாரம்தானே!

ஜப்பான்காரன் வந்தான், போனான்

1984-ல் ஜப்பானின் சுசூகி கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ஓசூரில் இருந்து 100 சி.சி. இண்ட்-சுசூகி வந்தது. அடுத்த ஆண்டே யமஹா ஆர்.எக்ஸ்.100 வந்தது. ஹீரோ ஹோண்டா, கவாசாகி-பஜாஜ் என்று இன்னும் இரண்டு ஜப்பான் கூட்டு. அந்தக் காலத்தில் இளவட்டங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தார்கள். ஒருத்தன் 'ஆர்.எக்ஸ்தான்டா வண்டி' என்பான். இன்னொருத்தன் 'சுசூகி மைலேஜைப் பாருடா' என்பான். தெருமுனைத் தகராறு சோழவரத்தில் தீர்ந்தது. அல்லது இன்னும் பெரிதானது!

1990-களில் வந்த ஷோகனை மறக்க முடியுமா? வண்டி தெருமுனையில் வரும்போதே சத்தம் வீட்டுக்குள் வந்துவிடும்.

இதற்கிடையில் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தப் பாதை தயாராகி, 1990-ல் பந்தயம் அங்கே குடிபோயிற்று. சுற்றளவு 3.7 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். சோழவரத்தில் நேராக ஓடி, அழுத்திப் பிடித்து, திரும்பி வந்தால் போதும். இங்கே விதவிதமான வளைவுகள். வெறும் என்ஜின் வேகத்தை நம்பியவர்கள் இங்கே திணறினார்கள்.

குழுவுக்கு உண்மையான சோதனை 2001-ல் வந்தது. சுசூகி கூட்டு முறிந்தது. கம்பெனி தனியாக நின்றது. இனிமேல் ஜப்பானில் இருந்து என்ஜின் வரைபடம் வராது. புகைக் கட்டுப்பாடு காரணமாக டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் காலமும் முடிந்துகொண்டு இருந்தது. இரண்டு இடியும் ஒரே சமயத்தில்!

என்னைக் கேட்டால், இந்தக் குழுவின் பெரிய சாதனை எந்தக் கோப்பையும் இல்லை, இந்தக் கட்டத்தைத் தாண்டியதுதான். சொந்தமாகச் செய்த போர்-ஸ்ட்ரோக் என்ஜினைப் பந்தயத்தில் போட்டு அடித்து, உடைத்து, திருத்தி, மறுபடி போட்டார்கள். 2007-ல் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 160 வந்தது. 'ஆர்.டி.ஆர்.' என்று பெட்ரோல் டேங்கில் எழுதி இருக்கிறதே, அதில் முதல் 'ஆர்'-க்கு அர்த்தமே 'ரேசிங்'தான்.

சாலைப் பந்தயத்தோடு நிற்கவில்லை. மண் பாதைப் பந்தயம், மேடு பள்ளத்தில் பறக்கும் சூப்பர்கிராஸ், காடு மலை தாண்டும் ராலி என்று நாலு வகையிலும் ஆட்களை வைத்து ஓட்டினார்கள். சாலைப் பந்தயத்தில் சென்னைப் பையன்கள்தான் இந்தக் குழுவின் தூண். ஜெகன் குமார் பல முறை தேசிய சாம்பியன். கே.ஒய்.அகமது இன்னொருவர். இருங்காட்டுக்கோட்டைப் பாதை இவர்களுக்குத் தங்கள் வீட்டுத் தெரு மாதிரி.

2022-ல் அப்பாச்சி ஆர்.ஆர்.310 வண்டிகளை மட்டுமே வைத்து ஆசிய அளவில் ஒரு பந்தயத் தொடரே தொடங்கினார்கள். மலேசியாவின் செபாங் பாதையில், பல நாட்டுப் பையன்கள் ஓசூர் வண்டியில் ஏறி ஓட்டினார்கள். ஒரு காலத்தில் நாம் ஜப்பான் வண்டியைக் கேட்டு வாங்கினோம். இப்போது ஜப்பான் பையன் நம்ம வண்டியை வாங்கி ஓட்டுகிறான்!

மணலில் 15 நாள்

இனி, டக்கார்.

உலகத்திலேயே கஷ்டமான ராலி எது என்று கேட்டால் பந்தயக்காரர்கள் யோசிக்காமல் இந்தப் பெயரைச் சொல்வார்கள். 1978 டிசம்பரில் பாரிசில் கிளம்பி ஆப்பிரிக்காவின் டக்கார் நகரில் முடிந்ததால் இந்தப் பெயர். 2009-ல் தென் அமெரிக்காவுக்கும், 2020-ல் சவுதி அரேபியாவுக்கும் இடம் மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை.

இரண்டு வாரம். ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர். ரோடு கிடையாது. மணல், பாறை, மறுபடி மணல். வழியைக் குறியீடாகக் கொடுப்பார்கள். வண்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அந்தக் குறியீடுகளிலும் பாதையிலும் மாற்றி மாற்றி வைத்து ஓட்ட வேண்டும். வழி தவறினால் மணி வீணாகும். விழுந்தால் எலும்பு போகும்.

2015-ல் பிரான்ஸ் நாட்டு ஷெர்கோ கம்பெனியோடு சேர்ந்து 'ஷெர்கோ டி.வி.எஸ்.' என்ற பெயரில் குழு டக்காருக்குப் போயிற்று. இந்தியத் தொழிற்சாலைக் குழு ஒன்று டக்காரில் நின்றது அதுதான் முதல் தடவை. வண்டி பிரெஞ்சுக்காரர்கள் செய்தது. ஓட்டியவர்களும் ஆரம்பத்தில் வெளிநாட்டவர்கள்தான். இதை மறைக்க வேண்டியது இல்லை. யாரிடமாவது கற்றுக்கொண்டுதானே ஆகவேண்டும்?

2017-ல் நம்மவர் ஒருவர் இறங்கினார். கர்நாடகத்தின் கே.பி.அரவிந்த். பாதியில் விழுந்தார். 2018-ல் மறுபடி போனார். மறுபடி காயம், மறுபடி ஊர் திரும்பினார். 2019-ல் மூன்றாவது தடவை. பெரு நாட்டு மணலை முழுக்கக் கடந்து 37-வது இடத்தில் முடித்தார். டக்காரை முடித்த இரண்டாவது இந்தியர் இவர். முதல்வர் 2015-ல் முடித்த சி.எஸ்.சந்தோஷ்.

'37-வது இடமா? பிரமாதமா?' என்று கேட்பவர்கள் உண்டு. டக்காரில் முதலில் பரிசை எண்ணுவதில்லை. எத்தனை பேர் கை கால் உருப்படியாக வந்து சேர்ந்தார்கள் என்றுதான் எண்ணுவார்கள்.

அரவிந்துக்கு அடுத்து வந்தவர் ஹரித் நோவா. கேரளத்து ஷொர்ணூர் பிள்ளை. 2021-ல் 20-வது இடம். இந்தியர் எவரும் அதுவரை தொடாத இடம். 2023-ல் ஆரம்பத்திலேயே விழுந்து காயம்பட்டு வெளியேறினார். 'இத்தோடு சரி' என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொண்டே இருக்க, 2024 ஜனவரியில் மறுபடி போனார். ஒட்டுமொத்தத்தில் 11-வது இடம். 'ராலி-2' என்ற பிரிவில் முதல் இடம்! டக்காரில் ஒரு பிரிவை ஜெயித்த முதல் இந்தியர்.

மறு ஆண்டு? 2025-ல் பந்தயத்துக்கு முந்தைய வெள்ளோட்டத்திலேயே விழுந்து மணிக்கட்டு முறிந்து வெளியேறினார். டக்கார் இப்படித்தான். போன வருஷத்து ராஜா என்று மணல் யாரையும் பார்ப்பது இல்லை.

பெண்களையும் சொல்லவேண்டும். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே இந்தக் குழுவின் வீராங்கனை. 2019-ல் பாஜா உலகக் கோப்பையில் பெண்கள் பட்டம் ஜெயித்தார். மோட்டார் விளையாட்டில் உலகப் பட்டம் ஜெயித்த முதல் இந்தியர் ஒரு பெண்! இதை எத்தனை பேர் வீட்டில் சொல்லிக் கொடுத்தோம்?

நெமிலிச்சேரி பக்கம் நடப்பது என்ன?

இவ்வளவு கதையும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

நம்ம ஊருக்குப் பக்கத்தில் நெமிலிச்சேரி வழியாகப் போகிறது வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. அகலமான ரோடு. அதிகாலையில் காலியான ரோடு. பையன்களுக்குக் கை அரிக்கிறது. கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு சீறுகிறார்கள். எதிர்ப்புறத்தில் இருந்து 'ராங் சைடில்' வருகிற லோடு வண்டிக்கும், குறுக்கே வருகிற மாட்டுக்கும் பந்தயம் நடப்பது தெரியாது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் வேலை முடிந்து டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வீடு திரும்பிக்கொண்டு இருப்பார். அவரும் பந்தயத்தில் பெயர் கொடுத்தவர் இல்லை.

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். பொது ரோட்டில் பந்தயம் விட்டால் முதல் தடவை 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது 10 ஆயிரம், அல்லது இரண்டும். ஓட்டியது 18 வயது ஆகாத பையனாக இருந்தால் அப்பாவுக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரை ஜெயிலும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவும் 12 மாதம் ரத்து. 'பையன் ஆசைப்பட்டான், சாவியைக் கொடுத்தேன்' என்று கோர்ட்டில் சொல்லித் தப்ப முடியாது.

அப்படியானால் இருங்காட்டுக்கோட்டையில் ஆபத்தே இல்லையா? அப்படிச் சொன்னால் பொய். 2023 ஆகஸ்டில் இதே பாதையில், டி.வி.எஸ். வண்டிகள் மட்டுமே ஓடும் புதுமுகப் பந்தயத்தில், பெங்களூரில் இருந்து வந்த 13 வயதுச் சிறுவன் முதல் வளைவு தாண்டியதும் விழுந்து உயிர் இழந்தான். அந்த வாரப் பந்தயங்கள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன. தோல் உடை, ஹெல்மெட், டாக்டர், ஆம்புலன்ஸ், கொடி பிடிக்கும் ஆட்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இந்தக் கதி. இவற்றில் ஒன்றுகூட இல்லாத வெளிவட்டச் சாலையை நினைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

'பணம் இல்லாதவன் எங்கே சார் ரேசுக்குப் போறது?' என்று பையன்கள் கேட்பது நியாயம். பந்தயத்துக்கு ஒரு வண்டி, அதைத் தயார் செய்ய ஒரு மெக்கானிக், டயர், தோல் உடை என்று கணக்குப் பார்த்தால் குமாஸ்தா வீட்டுச் சம்பளம் தாங்காது.

அதற்குத்தான் ஒரே ரக வண்டிப் பந்தயம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கம்பெனியே ஒரே மாதிரி வண்டி கொடுக்கும். எவனும் ராத்திரியில் குடைந்து வேகம் கூட்ட முடியாது. அப்பன் பணமும் செல்லாது. முன்கூட்டியே தேர்வுச் சுற்று வைத்து, பாதையில் எத்தனை வினாடியில் சுற்றுகிறான், உடம்பு தாங்குகிறதா என்று பார்த்து ஆள் எடுப்பார்கள். பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. புதுமுகங்களுக்கும் உண்டு. 2023-ல் மின்சார அப்பாச்சிக்கும் ஒரு பிரிவு சேர்த்துவிட்டார்கள். அதில் சைலன்சரே கிடையாது. ஷோகன் காலத்து ரசிகர்கள் என்ன சொல்வார்களோ!

ஓட்ட வேண்டும் என்றால் பந்தய லைசென்சு வாங்க வேண்டும். அதற்கு முன் பயிற்சிப் பள்ளியில் உட்கார வேண்டும். எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே பார்ப்பது, கொடிக்கு என்ன அர்த்தம், முக்கியமாக எப்படி விழுவது என்று சொல்லித் தருகிறார்கள். விழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பதே பல பேருக்குப் புதுச் செய்தி.

பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு வழி சுலபம். பட்டாபிராமில் இருந்து ஆவடி, அங்கே இருந்து பூந்தமல்லி. பூந்தமல்லியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் பஸ்சில் ஏறி 'இருங்காட்டுக்கோட்டை' என்று டிக்கெட் கேளுங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கையோடு இருக்கட்டும். அங்கே வெயில் பொல்லாதது.